வெள்ளைமேட்டு மரபணு

மண்ணைச் சுடும் எந்திரம் வழக்கு முடிவதற்கு முன்பே இலுப்பந்தோட்டத்துக்கு வந்துவிட்டது. ரோடு ரோலர் அளவுக்கு இருந்த அதை மயிலாத்தாளின் மஞ்சள் காட்டு வரப்போரம் நிறுத்தி, மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். தீர்ப்பு வந்த மறுநாளே வேலையைத் தொடங்க வேண்டுமாம். தீர்ப்பு எப்படி வரும் என்பதில் கோர்வெல் நிறுவனத்துக்கு அவ்வளவு உறுதி.

டாக்டர் சுகிர்தா காரை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது அந்த எந்திரம்தான். வேளாண் பல்கலைக்கழகத்தில் மண் நுண்ணுயிரியல் துறைக்குத் தலைவி அவள். உயிர்க்காப்புரிமைத் தீர்ப்பாயம் அவளை நடுநிலை நிபுணராக நியமித்திருந்தது. அவள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. கோர்வெல் விற்கும் ‘மண்மீட்பி’ என்ற பாக்டீரியாவில் இருக்கும் மரபணு, காசு கொடுத்து வாங்காத இந்தக் காட்டிலும் இருக்கிறதா?

இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். ஒரு மரபணு யாருக்குச் சொந்தமோ, அது எந்த மண்ணில் முளைத்தாலும் அவருக்கே சொந்தம் என்றது புதிய சட்டம். காற்றில் போயிருந்தாலும் சரி, மழைத்தண்ணீரில் போயிருந்தாலும் சரி. காட்டுக்காரர் உரிமம் வாங்க வேண்டும். மறுத்தால் மேல்மண்ணைச் சுட்டு, அதிலுள்ள உயிரையெல்லாம் அழித்துவிடலாம். இலுப்பந்தோட்டத்து ஜனங்கள் மறுத்துவிட்டார்கள்.

வரப்பில் நின்றிருந்த பெண்ணுக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. வழக்கில் முதல் எதிர்மனுதாரர் அவள்தான், மயிலாத்தாள்.

“நீங்களும் மண்ணள்ளத்தான் வந்தீங்களா?” என்றாள்.

“ஆமாக்கா. தீர்ப்பாயத்துலருந்து அனுப்பியிருக்காங்க.”

“முன்னாலயும் இப்படித்தான் நாலு பேரு கார்ல வந்தாங்க. மண்ணு டெஸ்ட்டுன்னாங்க. புள்ளைங்களுக்கெல்லாம் பேனா குடுத்துப்போட்டு, மேட்டோரத்து மண்ணை டப்பா டப்பாவா அள்ளிட்டுப் போனாங்க. என்ன இருக்குதுன்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் வந்து சொல்லலை.”

சுகிர்தா நிமிர்ந்து பார்த்தாள். “எப்ப வந்தாங்க?”

“எம் பொண்ணு போன மறுவருசம்.”

காட்டுக்குக் கிழக்கே இருந்தது வெள்ளைமேடு. தூரத்திலிருந்து பார்த்தால் சுண்ணாம்புக் குன்று போலிருக்கும். கிட்டே போனால் பூசணம் பிடித்த துணியின் வாடை தொண்டையில் இறங்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பூச்சிமருந்து ஆலை ஓடிய காலத்தில் லாரி லாரியாக வந்து விழுந்த கசடு அது. ஆலை கோர்வெல்லினுடையது. கொட்டியது நாங்கள் இல்லை, யாரோ லாரிக்காரர்கள் என்று கோர்வெல் முதல் நாளிலிருந்தே சொல்லிவந்தது. மூன்று விசாரணைகள் நடந்தன, மூன்றிலும் ஆதாரம் போதவில்லை. பிறகு ஆலையை மூடிவிட்டு, அதே நிறுவனம் மண்ணைச் சுத்தம் செய்யும் தொழிலுக்கு மாறியது.

சுகிர்தா மேட்டின் உச்சியிலிருந்து காட்டின் கடைசி வரை, பல இடங்களில், பல ஆழங்களில் மண் எடுத்தாள். மயிலாத்தாள் கூடவே நடந்துவந்தாள். உதவி செய்யவில்லை, காவல் காத்தாள். பாதித் தூரம் வந்த பிறகுதான் கேட்டாள்.

“அந்தப் பூச்சி அப்படி என்னதான் பண்ணுதுங்க?”

“இந்தக் கசடுக்கு ஹெக்சாடின்னு பேருக்கா. ஒரு சின்ன வளையம், அதைச் சுத்தி ஆறு குளோரின் முள்ளு மாதிரி குத்திக்கிட்டிருக்கும்னு வச்சுக்கங்க. எந்த உயிருக்கும் அதைச் செரிக்கத் தெரியாது. நம்ம உடம்புக்குள்ள போனா கொழுப்புல போய் உக்காந்துக்கும், எந்திரிக்காது.”

“தெரியுமுங்க.”

“நீங்க பூச்சின்னு சொல்றது இந்த மண்ணுல இருக்கிற பாக்டீரியா. அது அந்த முள்ளுங்களை ஒண்ணொண்ணாப் பிடுங்குது. அதுக்குன்னு அது உடம்புல ஒரு கத்தரி செய்யுது. நொதின்னு சொல்வோம். அந்தக் கத்தரியை எப்படிச் செய்யணும்ங்கிற வித்தைதான் மரபணு. முள்ளெல்லாம் போனதும் இன்னொரு கத்தரி வளையத்தையே வெட்டிடும். அப்புறம் அது விஷமில்லை, வெறும் சாப்பாடு. தின்னுட்டு வளருது.”

“அதான் நெலம் திரும்புச்சா?”

“அதான்.”

மயிலாத்தாள் காட்டைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் இலைகள் இடுப்புயரத்துக்கு நின்றன. இருபது வருஷம் புல்கூட முளைக்காமல் கிடந்த இடம் அது.

“அந்த வெள்ளைத்தூளை ஆலைக்காரங்க ஊருக்குச் சும்மா குடுத்தாங்க,” என்றாள். “பள்ளத்துக்குப் போட்டுக்கங்க, ரோட்டுக்குப் போட்டுக்கங்கன்னு. பள்ளிக்கூடத்து மைதானத்துலயும் கொட்டினாங்க. புள்ளைங்க அதுலதான் கபடிக்குக் கோடு போடும். எம் பொண்ணு தேவிகா கை நெறைய வெள்ளையா வருவா. கழுவுடின்னு திட்டுவேன், மாவுதானம்மான்னு சிரிப்பா. ரத்தத்துல புத்துநோய்னாங்க. எங்க தெருவுல மட்டும் இன்னும் நாலு புள்ளைங்க போச்சு. எதுனாலன்னு யாரும் எழுதித் தரலை.”

நடுநிலை நிபுணர் ஆறுதல் சொல்லலாமா என்று சுகிர்தாவுக்குத் தெரியவில்லை. மண் குழாய்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.

ஆய்வக முடிவு வந்தது. முள் பிடுங்க இரண்டும் வளையம் வெட்ட ஒன்றுமாக மஞ்சள் காட்டுப் பாக்டீரியாவில் இருந்த மூன்று மரபணுக்களும் கோர்வெல்லின் மூன்று மரபணுக்களும் ஓர் எழுத்துகூட மாறாமல் ஒன்றாக இருந்தன. கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அறிக்கையை இங்கேயே முடித்து அனுப்பிவிடலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள். எந்திரத்தின் தார்ப்பாயை அவிழ்ப்பார்கள், அவ்வளவுதான்.

ஆனால் மண்ணை அள்ளிக்கொண்டு போன அந்த நாலு பேர் அவள் மண்டையை விட்டுப் போகவில்லை. மிச்சமிருந்த எல்லாக் குழாய்களையும் அவள் திறந்தாள்.

தீர்ப்பாயம் கோவையில் கூடியது. விசாரணை ஆங்கிலத்தில் நடந்தது. ஊர்க்காரர்களின் வழக்கறிஞர் அன்வர் பாஷா, தனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மயிலாத்தாளிடம் அவ்வப்போது குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். கோர்வெல்லுக்கு மூத்த வழக்கறிஞர் ஸ்ரீவத்சன். குரலை உயர்த்தாமல் பேசியே பெயர் வாங்கியவர்.

“இரண்டு இடத்திலும் மரபணு ஒன்றுதானா, டாக்டர்?” என்று கேட்டார் தலைவர் கமலநாதன். ஓய்வுபெற்ற நீதிபதி.

“ஒன்றேதான். ஆனால் கோர்வெல் இதைத் தன் ஆய்வகத்தில், கணினியில் வடிவமைத்ததாகச் சொல்கிறது. அது உண்மையில்லை.”

ஸ்ரீவத்சன் பேனாவை மூடி வைத்தார்.

“வெள்ளைமேட்டின் நடுவில் எடுத்த மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறது,” என்றாள் சுகிர்தா. “அதற்கு முதல் நொதியை மட்டும்தான் செய்யத் தெரியும். இரண்டு குளோரினைக் கழற்றிவிட்டு, அதற்கு மேல் தெரியாமல் நின்றுவிடும். கொஞ்சம் தள்ளி எடுத்த மண்ணில் இரண்டு நொதிகள் தெரிந்த பாக்டீரியா. மேட்டோரத்தில்தான் மூன்றும் தெரிந்தது இருக்கிறது. தாத்தாவும் அப்பாவும் மகனும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள் ஐயா. கோர்வெல்லிடம் மகன் மட்டும் இருக்கிறான். எங்கே பிறந்தான் என்று கேட்டால் எங்கள் கணினியில் என்கிறார்கள்.”

“தற்செயலாக அப்படி அமைந்திருக்கலாம் அல்லவா?” என்றார் தலைவர்.

“இன்னொன்றும் இருக்கிறது. இந்த மரபணுக்கள் ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியவை. தாவும்போது பழைய இடத்திலிருந்து ஒரு துணுக்கைப் பிய்த்துக்கொண்டு போவதுண்டு. இங்கே மூன்றாவது மரபணுவின் வாலில் அப்படி ஒரு துணுக்கு ஒட்டியிருக்கிறது. மஞ்சள் வேரில் வாழும் ஒரு பாக்டீரியாவினுடைய உடைந்த மரபணு அது. அதனால் ஒரு பயனும் இல்லை. கணினியில் வடிவமைக்கும் எவரும் அதை எழுதி வைக்கமாட்டார். கோர்வெல்லின் மண்மீட்பியிலும் அதே துணுக்கு, அதே இடத்தில் இருக்கிறது. மஞ்சள் காட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போனவர்கள் அதை வெட்டி எறிய மறந்துவிட்டார்கள்.”

அன்வர் தமிழில் சொல்லச் சொல்ல, மயிலாத்தாள் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். கோர்வெல்லின் விஞ்ஞானிகள் இருவர் தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். ஸ்ரீவத்சன் மட்டும் பதறவில்லை. மறுநாள் வரை அவகாசம் கேட்டார், கிடைத்தது.

திருட்டு அம்பலமாகிவிட்டது, வழக்கு முடிந்தது என்று சுகிர்தா நினைத்தாள். மறுநாள் காலை ஸ்ரீவத்சன் எழுந்து பேசியதைக் கேட்டபோது, தன் காதில் சரியாகத்தான் விழுகிறதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

“எங்கள் வாதத்தில் ஒரு திருத்தம் செய்கிறோம். மரபணு இலுப்பந்தோட்டத்தில் தோன்றியது என்பதை ஏற்கிறோம். வெள்ளைமேட்டில் இருப்பது எங்கள் கட்சிக்காரரின் கசடு என்பதையும் ஏற்கிறோம். பல ஆண்டுகள் அங்கே கொட்டியவர்கள் நாங்கள்தான்.”

அவர் சட்டப் புத்தகத்தைத் திறந்தார்.

“அந்தப் பொருள் இல்லையென்றால் எந்தப் பாக்டீரியாவும் அதைத் தின்னக் கற்றிருக்காது. சட்டத்தின் பதினான்காம் பிரிவு தெளிவாக இருக்கிறது. மனித முயற்சியால் உண்டான சூழலில் ஓர் உயிர் தோன்றினால், அந்தச் சூழலை உண்டாக்கியவருக்கே அது உரியது. இந்தச் சூழலை உண்டாக்கியது கோர்வெல்.”

கோயிலுக்கு ட்யூப்லைட் வாங்கிக் கொடுத்தவர் அதில் தன் பெயரை எழுதச் சொல்வாரே, அந்தத் தோரணையில் சொன்னார் மனிதர். சுகிர்தாவுக்குக் காதுமடல் சுட்டது. முப்பது வருஷமாக ஓர் ஊர் மன்றாடிக் கேட்டும் வராத ஒப்புதல் அது. பிள்ளைகளைப் புதைத்தவர்கள் கலெக்டர் அலுவலக வாசலில் வெயிலில் கிடந்து கேட்டும் வராதது. இப்போது வருகிறது, குற்றத்தை ஏற்பதற்காக அல்ல, பெருமையைக் கோருவதற்காக.

“இழப்பீடு பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம்,” என்று தொடர்ந்தார் ஸ்ரீவத்சன். “கொட்டுவதை நிறுத்திப் பல காலம் ஆகிறது. செயல் முடிந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு வழக்குத் தொடுக்க முடியாது என்று ஏற்கெனவே தீர்ப்பு இருக்கிறது. இங்கே நம் முன் இருப்பது மரபணு மட்டுமே.”

அதனால்தான் இவ்வளவு துணிச்சல் என்று சுகிர்தாவுக்கு விளங்கியது. காலாவதியான குற்றத்தை ஒப்புக்கொள்வதில் அவர்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. அன்வர் மயிலாத்தாளுக்குச் சொல்வதை நிறுத்தியிருந்தார். எப்படிச் சொல்வது என்று அவருக்கும் தெரியவில்லை போலும்.

ஸ்ரீவத்சன் சுகிர்தாவைக் குறுக்கு விசாரணைக்கு அழைத்தார்.

“டாக்டர், அந்த மேட்டில் இப்போதும் புதிய வகைப் பாக்டீரியாக்கள் தோன்றுகின்றனவா?”

அவள் தயங்கினாள். நான்காவதாக ஒரு மரபணு அங்கே பாதி உருவாகியிருந்தது. கசடிலிருக்கும் இன்னொரு நஞ்சைப் பிரிக்கக் கற்றுக்கொண்டிருந்தது அது. அறிக்கையின் பின்னிணைப்பில் அவளே அதைக் குறித்திருந்தாள். அவர் அதைப் படித்திருக்கிறார். இன்று பிறப்பதை மட்டுமல்ல, நாளை பிறக்கப்போவதையும் சேர்த்து எழுதி வாங்கப் பார்க்கிறார்.

பொய் சொல்ல அவளால் முடியாது. “தோன்றுகின்றன,” என்றாள்.

“அவற்றைத் தோற்றுவிப்பது எது?”

“உங்கள் கசடு.”

“இன்றும்?”

“இன்றும்தான். ஒவ்வொரு மழையிலும் மேடு கரைந்து புது மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை சாகின்றன. தப்பித்த ஒன்றிரண்டு கற்றுக்கொள்கின்றன.”

“அப்படியானால் கோர்வெல் தொடங்கிய செயல் நின்றுவிடவில்லை. இந்த நிமிடம் வரை இடைவிடாமல் தொடர்கிறது. சரிதானே?”

“சரி.”

“இது பதிவு செய்யப்படட்டும்,” என்றார் ஸ்ரீவத்சன். பதிவாளர் நிமிர்ந்து பார்த்ததும், இன்னும் தெளிவாக ஒருமுறை சொன்னார். “கோர்வெல்லின் செயல் தொடர்கிறது. இதை நாங்கள் முழுமையாக ஏற்கிறோம்.”

அன்வர் பாஷா மெதுவாக எழுந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் தெரிய வேண்டும், டாக்டர். மழையில் கரைகிறது என்றீர்களே, அது மண்ணோடு நின்றுவிடுகிறதா, கிணற்றுக்கும் போகிறதா?”

“போகிறது. பாக்டீரியா மேல்மண்ணில்தான் வேலை செய்யும். ஆழத்தில் அதற்குக் காற்று கிடைக்காது. ஊர்க் கிணறுகளின் தண்ணீரை நானே சோதித்தேன். ஹெக்சாடின் இருக்கிறது.”

“இன்றும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்களா?”

“குடிக்கிறார்கள்.”

“நன்றி. ஐயா, இன்றைய பதிவின் சான்றிட்ட நகல் எனக்கு வேண்டும். மூத்த வழக்கறிஞர் தன் வாயால் சொன்ன இடம் உட்பட.”

தலைவர் கமலநாதன் கண்ணாடியைக் கழற்றினார். ஸ்ரீவத்சனை நெடுநேரம் பார்த்தார். “முடிந்துபோன செயலுக்குத்தான் காலக்கெடு உண்டு. தொடரும் செயலுக்குக் கிடையாது. யோசித்துத்தான் சொன்னீர்களா?”

ஸ்ரீவத்சன் தன் குறிப்புகளைப் புரட்டினார். இவ்வளவு பெரிய வழக்கறிஞருக்கு அது தோன்றாமல் போனது எப்படி என்று சுகிர்தா வியந்தாள். பிறகு புரிந்தது. நேற்று மாலையிலிருந்து அவர் மரபணுவைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. அவருடைய கணக்கில் அந்த ஊரில் மனிதர்களே இல்லை.

“அந்தக் கூற்றை மட்டும் திரும்பப் பெற அனுமதி...”

“இல்லை. பதிவு செய்யச் சொன்னது நீங்கள்தான். அதுவும் இரண்டு முறை.”

சில வாரம் கழித்து ஆணை வந்தது. பதினான்காம் பிரிவின்படி மரபணு கோர்வெல்லுக்கே சொந்தம். அதைத் தோற்றுவித்த நஞ்சும், அது செய்த, செய்துகொண்டிருக்கும் கேடும் அதே நிறுவனத்துக்குச் சொந்தம். இலுப்பந்தோட்டத்து மண் இனி ஒரு குற்றத்தின் சாட்சி. அதன்மேல் யாரும் கை வைக்கக் கூடாது, சுடக் கூடாது. ஊர்க்காரர்களை உரிமம் வாங்கச் சொல்லவும் கூடாது.

ஆணை வந்த அன்றே அன்வரும் மயிலாத்தாளும் காவல் நிலையத்துக்குக் கிளம்பினார்கள். மண் அறிக்கையை விளக்க நீங்களும் வந்தால் நல்லது என்று அன்வர் கேட்டதால் சுகிர்தாவும் போனாள். வழக்கு முடிந்துவிட்டது, இனி அவள் நடுநிலையாக இருக்கத் தேவையில்லை.

காரில் போகும்போது மயிலாத்தாள் கேட்டாள். “பூச்சி யாருதுன்னு சொல்லிப்போட்டாங்க?”

“அவங்களுதுன்னுதான்க்கா. எனக்கு ஆத்திரமாத்தான் இருக்கு. உங்க மண்ணு படிச்ச பாடத்தை எடுத்து அவங்க கையில குடுத்துட்டாங்க.”

“குடுக்கட்டும் அம்மிணி. கொன்னது யாருன்னு வந்துருச்சுல்ல.”

சுகிர்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அத்தனை நாள் விசாரணையில் மூன்று மரபணுக்களின் பெயரும் நூறு தடவை வந்திருக்கும். ஒன்றுக்கும் உதவாத அந்த உடைந்த துணுக்குக்குக்கூட ஒரு பெயர் இருந்தது, எல்லோரும் அதை மரியாதையாக உச்சரித்தார்கள். செத்துப்போன பிள்ளைகளில் ஒருவர் பெயரைக்கூட யாரும் கேட்கவில்லை. தானும் சொல்லவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

நிலையத்தில் ஆய்வாளர் இளவயதுக்காரர், சமீபத்தில்தான் மாற்றலாகி வந்திருந்தார். ஆணையை இரண்டு முறை படித்தார். எழுத்தரைக் கூப்பிட்டார். பிறகு மயிலாத்தாளை உட்காரச் சொல்லிவிட்டு, உண்மையிலேயே புரியாதவராகக் கேட்டார்.

“கம்பெனியே ஒத்துக்கிட்டிருக்கான். இவ்வளவு பெரிய விஷயம். இத்தனை வருஷமா நீங்க ஏம்மா வந்து சொல்லலை?”

அன்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மயிலாத்தாள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள்.

“வந்துக்கிட்டேதானுங்க இருந்தோம். எம் பொண்ணைத் தூக்கிட்டு வந்தப்ப இங்க யாரும் எழுதலை. இப்பப் பூச்சியக் கூட்டிட்டு வந்திருக்கறம். எழுதுங்க.”